மூப்பரிடம் கேட்காதீர்கள்

டிசம்பர் 31 இரவு திருத்தணியில் ஊரே மலையேறும். திருப்படித் திருவிழா, 365 படி, படிக்கொரு பாட்டு. அதே இரவில்தான் சபையில் வருஷக் கடைசி ஆராதனை. வீட்டில் நீங்கள் மட்டும் ஞானஸ்நானம் எடுத்தவர், அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் என் பாடு உங்களுக்கும் வரும்.

நான் அம்மாவோடு போனேன். வண்டிப் பாதை இருக்கிறது, கேட்க மாட்டாள். "நாயனா, செய்யி பட்டுக்கோ" என்பாள். 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். எங்கள் வீட்டுப் பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துத் தெலுங்குதான். கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். கர்ப்பூரத் தட்டைத் தொடவில்லை.

போனது தப்பில்லை. முந்தின வாரமே சபை மூப்பரிடம் அனுமதி கேட்டேன் பாருங்கள், அதுதான் தப்பு. கேட்காமல் போயிருந்தால் அம்மாவுக்குத் துணை போனவன். கூடாது என்று அவர் சொன்ன பிறகு போனதால் பின்மாற்றக்காரன். ஞாயிறு பள்ளியில் நான் நடத்திய வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். என் பெயரைச் சொல்லி ஜெபம் வேறு.

2 இராஜாக்கள் 5-ஐ அவரும் வாசித்திருப்பார். குஷ்டம் நீங்கிய நாகமான், இனி வேறு தேவனுக்குப் பலியிடுவதில்லை என்கிறான். ஆனால் தன் ராஜா தன் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் குனிய வேண்டிவரும், அதை மன்னிக்க வேண்டும் என்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவனைக் கண்டிக்கவில்லை, சமாதானமாக அனுப்பிவைக்கிறார். நாகமானும் கேட்டுக்கொண்டுதானே போனான் என்பீர்கள். அவன் கேட்டது எலிசாவிடம்.

விசுவாசத்தைக் கிரியையில் காட்டச் சொல்கிறது யாக்கோபின் நிருபம். வயதானவளைப் படியேற்றுவது கிரியையில் சேராதாம். அடுத்தவர் சாமியைப் பழிப்பதுதான் வைராக்கியமாம். அதன் பலனுக்கு இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. 1888-ல் இங்கே பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் திருப்பதி, வேலூர், சென்னை என்று மிஷன் பள்ளி, கல்லூரிகளில் படித்தவர். மிஷனரிகள் இந்து மதத்தைக் குறைசொன்னது உறுத்தி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்துகொண்டே வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதினார்.

அம்மாவை மலையேற்ற மற்றதெல்லாம் சுலபம். தண்ணீர், சால்வை, முழங்காலுக்குத் தைலம். பஞ்சாமிர்தத்தை நீட்டினால் என்ன செய்வது என்பவர்கள் 1 கொரிந்தியர் 8-ஐப் படித்துவிட்டுப் போங்கள்.

ஜனவரி 1 காலை ஆராதனைக்கு மட்டும் தூக்கக் கண்ணோடாவது போய்விடுங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் வெட்கப்பட்டு ஒளிந்தான் என்பார்கள்.