இணைய வகுப்பின் திறவுகோல் யார் கையில்?

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் வீட்டு அறைகளே வகுப்பறைகளாயின. இன்றும் மேலதிக வகுப்பு, பயான், கருத்தரங்கு எனப் பலவற்றில் திரை வழியாகவே கலந்துகொள்கிறோம். அங்கே பேசும் பிள்ளைகளின் முகமும் குரலும் யாருடைய சேவையகத்தின் ஊடாகப் போகின்றன? இந்தக் கேள்வியே என்னை 'ஜிட்சி மீட்' என்ற மென்பொருளைக் கற்கத் தூண்டியது. இதனை நமது சொந்தச் சேவையகத்திலேயே நிறுவிக்கொள்ளலாம்.

ஜிட்சி என்றால் பல்கேரிய மொழியில் 'கம்பிகள்'. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எமில் இவோவ் 2003இல் தொடங்கிய முயற்சி இது. திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை.

ஒரு வகுப்பில் 25 பேர் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற 24 பேருக்கும் தனித்தனியே படத்தை அனுப்பினால் எந்த வீட்டு இணைப்பும் தாங்காது. ஜிட்சியின் 'வீடியோ பிரிட்ஜ்' என்ற பகுதி, ஒருவர் ஒரு தடவை அனுப்புவதை வாங்கி மற்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஆகவே சேவையகத்துக்கு வேகமான இணைப்பு அவசியம்.

நிறுவும் ஒழுங்கு இதுதான்:

1. டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் உள்ள சேவையகம் ஒன்றை வாடகைக்குப் பெறுங்கள். சிறிய குழுவுக்கு 4 ஜிபி நினைவகம் போதும்.

2. ஒரு டொமைன் பெயரை அதன் ஐபி முகவரியுடன் இணையுங்கள்.

3. தீச்சுவரில் டிசிபி 80, 443 ஆகிய துறைகளையும் யுடிபி 10000 துறையையும் திறவுங்கள். 10000 மூடியிருந்தால் இருவர் பேசலாம். மூன்றாமவர் வந்ததும் படமும் ஒலியும் நின்றுவிடும்.

4. ஜிட்சியின் மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து, 'ஆப்ட்' கட்டளையால் நிறுவுங்கள். இடையில் டொமைன் பெயர் கேட்கப்படும். 'லெட்ஸ் என்க்ரிப்ட்' வழங்கும் இலவசச் சான்றிதழைத் தெரிவு செய்யுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் உலாவி கமராவையும் மைக்கையும் திறக்க விடாது.

இத்துடன் வகுப்பு இயங்கும். ஆனால் வேலை முடியவில்லை. முகவரி தெரிந்த எவரும் அதில் புதிய அறையைத் தொடங்கலாம். பிறர் வீட்டில் ஸலாம் சொல்லி, அனுமதி பெற்றே நுழையக் கற்றவர்கள் நாம். நமது வகுப்புக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். 'ப்ரோசோடி', 'ஜிகோஃபோ' உள்ளிட்ட பகுதிகளின் அமைப்புக் கோப்புகளை மாற்றி, ஆசிரியைக்குக் கணக்கும் கடவுச்சொல்லும் உருவாக்க வேண்டும். பிறகு அவர் வந்து திறக்கும்வரை மாணவிகள் வெளியே காத்திருப்பர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் வீட்டிலிருந்து சேவையகம் வரை படமும் ஒலியும் மறைகுறியாக்கப்பட்டே போகின்றன. வீடியோ பிரிட்ஜில் அந்த மறைப்பு ஒரு கணம் நீங்குகிறது. எனவே சேவையகத்தை நிர்வகிப்பவர் கையில் இருப்பது ஓர் அமானிதம். மென்பொருளைத் தவறாமல் இற்றைப்படுத்துவதும் கடவுச்சொல்லைக் காப்பதும் அவர் பொறுப்பு.

பெற்றோரே, உங்கள் மகள் எந்த இணைய வகுப்பில் சேர்ந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சேவையகத்தை நிர்வகிப்பவர் யார்? உள்ளே வர அனுமதிப்பவர் யார்? பதிவு செய்தால் அது எப்போது அழிக்கப்படும்?