பூனையின் ஆகாரமும் பருவ மாறுதலும்

காவிரிப் பாசனப் பகுதிகளில் தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும், வயலில் கதிர் வெட்டித் தின்ற எலிகளிற் பல வைக்கோற்போருக்கும் பத்தாயத்துக்கும் வந்து சேருகின்றன. அதுகாறும் வேளை தவறாமல் சோற்றுக்குக் கத்திய பூனை அப்போது வட்டிலைத் திரும்பியும் பாராது. வியாதி கண்டதென்று வீட்டார் கவலையுறுவதுண்டு. பூனையோ பத்தாயத்தடியிலேயே வயிறு நிரப்பிக்கொண்டிருக்கும்.

வெயிற்காலத்திலும் பசி குறைதல் இயல்பே. உடற்சூட்டைக் காக்கச் செலவாகும் ஆகாரம் அப்போது குறைவு. பிரான்சு தேசத்தின் தென்பகுதியில் 38 பூனைகளை 4 ஆண்டுகள் கவனித்து 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவை கோடையில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைவாகவே தின்றனவென்று கண்டனர். ஆயினும் முழுப் பட்டினியாக இரண்டு நாள் கிடக்கும் பூனையைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

பகல் நீளும் காலத்தில் பெண் பூனை பருவமடைந்து கத்தித் திரியும். குளிர் தேசங்களில் குறும்பகற் காலத்தில் இது பெரும்பாலும் நின்றுவிடும். தஞ்சாவூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரமே வித்தியாசமாதலால், இங்கு எம்மாதத்திலும் குட்டிகளைக் காணலாம். பாலூட்டும் பூனைக்கு வழக்கத்தைப் போல் இருமடங்கேனும் ஆகாரம் வேண்டும்.

பட்டினி போட்டாற்றான் பூனை எலி பிடிக்குமென்பது தவறான எண்ணம். பசியில்லாத பூனையும் எலியைக் கொல்லும். பட்டினிப் பூனையோ அடுத்த வீட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடும். சார்லஸ் எல்ட்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி இங்கிலாந்துப் பண்ணைகளில் ஆராய்ந்து 1953-ல் எழுதியதாவது: எலி மலிந்த கட்டிடத்தைப் பூனைகள் துப்புரவாக்கா, முன்னரே எலியை ஒழித்த கட்டிடத்தில், பாலும் வார்த்து வளர்த்தால், எலி மீண்டும் குடியேறாமற் காக்கும். ஆகையால் விதை நெல்லைச் சேமிப்போர் மார்கழியிலேயே பத்தாயத்தைச் சுற்றியுள்ள வளைகளை வெட்டி எலியை ஒழித்து அடைத்துவிடல் வேண்டும். அதன் பிறகே காவல் பூனையினுடையது. அந்தியிலும் விடியலிலுமே பூனை சுறுசுறுப்பாக வேட்டையாடுமாதலால், மாலையில் அதை வீட்டினுள் அடைத்துவைத்துவிட்டு எலித்தொல்லையைப் பற்றி முறையிடுவதிற் பயனில்லை. வளர்ந்த பெருச்சாளியைப் பெரும்பாலான பூனைகள் நெருங்கா. அதற்குக் கிட்டியே தகும்.

வெறுஞ்சோறு மட்டுமே இடப்படும் பூனைக்கு நாளடைவிற் கண்பார்வை கெடும். மீன் தலையேனும் அவ்வப்போது சேர்த்தல் நலம். எலிப்பாஷாணம் வைக்கும் நாட்களில் பூனையைக் கட்டாயம் அடைத்துவைத்து, செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். விஷந்தின்ற எலியைத் தின்னும் பூனையும் மாண்டுபோகக்கூடும்.