ஒரு படம், ஒரு பானை ஸ்ட்யூ: ஐரிஷ் மாலைக்குச் சிக்கனக் குறிப்புகள்

குடும்பத்தோடு திரையரங்குக்குப் போய், இடைவேளையில் பாப்கார்னும் வாங்கி, வெளியே சாப்பிட்டும் வந்தால் பர்ஸ் இளைத்துவிடும். அதற்குப் பதில் தேக்கா சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள் தோழிகளே, வரவேற்பறையே டப்ளின் ஆகிவிடும்.

1. படம் ‘ஒன்ஸ்’. ஜான் கார்னி இயக்கி 2007இல் திரைக்கு வந்தது. தெருவில் கிதார் வாசிக்கிற, அப்பாவின் கடையில் வேக்குவம் கிளீனர் பழுதுபார்க்கிற ஒருவனும் பூ விற்கிற செக் நாட்டுப் பெண்ணும் சேர்ந்து பாட்டுக் கட்டுவதுதான் கதை. சண்டை இல்லை, வில்லன் இல்லை, மனசு மட்டும் இளகிப்போகும்.

2. படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஐரிஷ் ஸ்ட்யூவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் கேட்கும். ஒரு கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, சிறு தீயில் மூடி வைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒருவர் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரட்டும்.

3. தெர்மல் பானை வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலையும் மிச்சம். 20 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு வெளிப்பானைக்குள் இறக்கினால் இரண்டு மணி நேரத்தில் தானாக வெந்துவிடும், எரிவாயுவும் மிச்சம். கறி முற்றலாக இருந்தால் மட்டும் முதலில் குக்கரில் மூன்று விசில் விட்டுக்கொள்ளுங்கள்.

4. தேக்கா ஈரச்சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தொடைக்கறி வேண்டாம்; கழுத்துக்கறியை எலும்போடு பெரிய துண்டுகளாகப் போடச் சொல்லுங்கள். விலையும் குறைவு, எலும்புச் சாறும் இறங்கும்.

5. உருளைக்கிழங்கில் பாதியை மெல்லிசாகச் சீவிக் கறிக்கு அடியில் பரப்புங்கள், மீதியைப் பெரிய துண்டுகளாக மேலே அடுக்குங்கள். அடியில் கிடப்பது கரைந்து சாற்றைக் கெட்டியாக்கிவிடும், சோளமாவு எதுவும் தேவையில்லை. வெங்காயம், கேரட், உப்பு, மிளகு, தண்ணீர்: சாமான் பட்டியல் அவ்வளவுதான்.

6. தைம் இலை ஒரு சின்னப் பாக்கெட் வாங்கி, இரண்டு காம்பு போட்டுவிட்டு மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வாடவிடுவானேன்? தைமுக்கு மணம் தருகிற தைமால்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது. கால் தேக்கரண்டி ஓமத்தைத் துணியில் முடிந்து போட்டு, இறக்கும்போது எடுத்துவிடுங்கள்.

7. மசாலா டப்பாப் பக்கம் கை போகவே கூடாது. போனால் அது ஸ்ட்யூ அல்ல, தண்ணீர்க் குழம்பு. காரம் இல்லாமல் சோறு இறங்காதவருக்கு ஊறுகாயை ஓரமாக வையுங்கள்.

8. புளித்த மோர் மிஞ்சியிருந்தால் சோடா ரொட்டி சுடுங்கள். ஈஸ்ட் வேண்டாம், பிசைந்து ஊறவைக்க வேண்டாம். கால் கிலோ மைதா, அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஏறக்குறைய 200 மில்லி கெட்டி மோர். கலந்ததும் உடனே சுட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் சோடாவின் வேகம் போய்விடும். ஓவன் இல்லையா? வட அயர்லாந்தில் இதை வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டிக் கல்லில்தான் சுடுகிறார்கள், ஆகவே நம் தோசைக்கல் போதும்: சிறு தீயில் பக்கத்துக்கு எட்டுப் பத்து நிமிடம்.

9. பிள்ளைகளுக்குக் கோல்கேனன். மசித்த உருளைக்கிழங்கில் வேகவைத்த முட்டைக்கோஸ் அல்லது கேல் கீரை, வெங்காயத்தாள், சூடான பால் சேர்த்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய் இடுவார்கள். கேல் கீரை விலை அதிகம் என்றால் கைலான் போடுங்கள், அதுவும் முட்டைக்கோஸ் குடும்பம்தான். ஹாலோவீன் அன்று அயர்லாந்தில் இதற்குள் மோதிரம் ஒளித்து வைப்பது வழக்கம். நாம் ஒரு முந்திரியை ஒளிப்போம். கிடைத்தவருக்கே அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

10. சைவ வீடுகளில் கறிக்குப் பதில் காளானும் பார்லியும். பார்லித் தண்ணீருக்கு வாங்கி வைத்தது அலமாரியில் எப்படியும் இருக்கும்.

11. ரொட்டியும் தேநீரும் படம் தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். 2008இல் ஆஸ்கர் வாங்கிய ‘ஃபாலிங் ஸ்லோலி’ பாட்டு சீக்கிரமே வந்துவிடுகிறது: ஓர் இசைக்கருவிக் கடையில் அவன் கிதாரோடு மெட்டைச் சொல்லிக்கொடுக்க, அவள் பியானோவில் மெல்லத் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்கிறாள். அந்த நேரத்தில் தட்டு, கரண்டிச் சத்தம் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

12. டப்ளின் உச்சரிப்பு நம் காதுக்குப் பழக்கமில்லாதது, வசன வரிகளைப் போட்டுவிடுங்கள். வசை வார்த்தைகளும் தாராளம். சின்னப் பிள்ளைகளைக் கோல்கேனன் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுப் படத்தைத் தொடங்குவதே நல்லது.

13. ஆங்கிலப் படம் வேண்டாம் என்கிற மாமியார், மாமனாருக்கு 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யைப் போடுங்கள். பாலசந்தர் இயக்கம், இளையராஜா இசை, பாடகி சித்ராவுக்கு முதல் தேசிய விருது. ஸ்ட்யூ அதற்கும் பொருந்தும், ஆனால் படம் நீளம் என்பதால் இடைவேளை விட்டுப் பரிமாறுங்கள்.

14. மிஞ்சிய கோல்கேனன் மறுநாள் காலை கட்லெட். மிஞ்சிய ஸ்ட்யூவில் தேங்காய்ப்பால், கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை சேர்த்து ஒரு கொதி விட்டால் கேரளத்து இஷ்டு, ஆப்பத்துக்கு ஏற்ற ஜோடி. மாவுக்கு மட்டும் படம் போடும் அன்று காலையிலேயே அரிசியை ஊறப்போட்டுவிடுங்கள்.