திரும்புகிற நேரம் எது?



அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் ரெய்னியர் என்ற பனிமலை இருக்கிறது. உயரம் 14,410 அடி. 1899-லேயே அதைத் தேசியப் பூங்காவாக்கிவிட்டார்கள். சியாட்டில் பக்கம் வேலைபார்க்கிற நம் பிள்ளைகளும் விடுமுறைக்குக் காரை எடுத்துக்கொண்டு போகிற இடம் இது. போகட்டும், பார்க்கட்டும். ஆனால் பனியில் நடக்கிறவர்கள் அறிந்திருக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு.

கார் போய் நிற்கிற இடத்தின் பெயர் என்ன தெரியுமா? பாரடைஸ்! வேதத்தில் பரதீசு என்று வாசிக்கிறோமே, அதே சொல்தான். 5,400 அடி உயரம். 1971-72 குளிர்காலத்தில் மட்டும் அங்கே பெய்த பனி மொத்தம் 1,122 அங்குலம், அதாவது 93 அடிக்கு மேல்.

அங்கிருந்து கேம்ப் முயிர் என்ற தங்குமிடத்துக்கு ஏறுகிறார்கள். அது 10,000 அடிக்குச் சற்று மேலே. பெபிள் கிரீக் என்ற ஓடையோடு பாதை முடிந்துபோகும். அதற்கு மேல் 2 மைலுக்குக் கொஞ்சம் அதிகமாய் வெறும் பனிச்சரிவு. கோடையிலும் முழுதாய் உருகாது. மரமும் இல்லை. முன்னே போனவன் கால்தடம்தான் வழி.

"ஜூலை மாசம்தானே, என்ன ஆயிடப்போகுது?" என்று டீ-ஷர்ட்டோடு புறப்படுகிறவர்கள் உண்டு. இங்கேதான் கவனியுங்கள். மேகம் மூடிக்கொண்டால் வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குப் புலப்படாது. காற்றடித்தால் கால்தடமும் மறைந்துபோகும். இறங்கும்போது வலதுபக்கம் விலகிப்போனால் நிஸ்குவாலி பனியாறு, இடதுபக்கம் விலகிப்போனால் பாரடைஸ் பனியாறு. இரண்டிலும் ஆளை விழுங்குகிற வெடிப்புகள் உண்டு. பரதீசு என்று பெயர் வைத்ததினால் வெடிப்பு இல்லாமல் போய்விடுமா!

புறப்படுமுன் பூங்கா ரேஞ்சரிடம் வானிலை கேளுங்கள். வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருந்தால் போதாது, பார்த்து நடக்கத் தெரியவேண்டும். போனை நம்பாதீர்கள், குளிரில் பேட்டரி சீக்கிரமாய் இறங்கிவிடும். பருத்தித் துணி வேண்டாம். வேர்வையில் நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நல்லது. கறுப்புக் கண்ணாடி அவசியம். கூட வருகிறவர் நடுங்கி, பேச்சு குழறி, கால் தடுமாறினால் குளிர் உடம்புக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் "நடுக்கம் நின்னுடுச்சு" என்று சந்தோஷப்படாதீர்கள், அது இன்னும் மோசம்.

எல்லாவற்றிலும் கடினம் திரும்புகிறதுதான். நாலு மணி நேரம் மூச்சுவாங்க ஏறியாயிற்று, தங்குமிடம் அதோ தெரிகிறது. யாருக்குத் திரும்ப மனசு வரும்? ஆகையால் கீழே, கார் அண்டையில் நிற்கும்போதே பேசி முடிவுபண்ணிவிடுங்கள்: "ஒரு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பறோம். மேகம் இறங்கினா அதுக்கு முந்தியே." கூட்டத்தில் ஒருவர் "போதும்" என்றால் போதும், ஓட்டெடுப்பு வேண்டாம். எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். மேகம் ஏற்கெனவே மூடி, திசையும் தெரியவில்லையா? அலையாதீர்கள். நின்ற இடத்திலேயே இருக்கிற உடுப்பையெல்லாம் போட்டுக்கொண்டு, காற்றுக்கு ஒதுங்கி, ஒருவரையொருவர் அணைத்து உட்கார்ந்து, வெளிக்கும்வரை காத்திருங்கள்.