விண்வெளியில் தரவு மையம்: வெப்பம் எங்கே போகும்?

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் ஒரு மாணவி கைப்பேசியில் தேர்வு முடிவைப் பார்க்கிறாள். அந்த விவரம் எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக இயங்கும் கணிப்பொறிகளிலிருந்து வருகிறது. அதுவே தரவு மையம். சென்னையை அடுத்த சிறுசேரியிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. இவை செலவிடும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. அதை அகற்ற மேலும் மின்சாரமும், பல இடங்களில் நீரும் வேண்டும். கோடையில் ஏரி வற்றுவதைக் கண்டவர்களுக்கு நீரின் அருமையைச் சொல்ல வேண்டுமா?

இம்மையங்களை விண்வெளியில் அமைத்தால் என்ன? அங்கே சூரியனை நோக்கிய ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,361 வாட் ஆற்றல் விழுகிறது. மேகமில்லை, தக்க சுற்றுப்பாதையில் இரவும் அநேகமாக இல்லை.

‘விண்வெளி குளிர்ந்த இடம், வெப்பம் தானே போய்விடும்’ என்று எண்ணுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்! தேநீரின் சூட்டைக் காக்கும் பிளாஸ்கின் இரு சுவர்களுக்கிடையே இருப்பது வெற்றிடம் அல்லவா? வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீசல் என்னும் மூன்று வழிகளில் பரவும். வெற்றிடத்தில் முதலிரண்டும் இயலா. எஞ்சுவது கதிர்வீசல் ஒன்றே.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்டீபன் விதிப்படி, ஒரு கரும்பரப்பு வீசும் ஆற்றல் அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 27° செல்சியசில், அதாவது 300 கெல்வினில், சதுர மீட்டருக்குச் சுமார் 459 வாட். பத்து லட்சம் வாட் வெப்பத்தை வெளியேற்ற,

10,00,000 ÷ 459 = ஏறத்தாழ 2,180 சதுர மீட்டர்

பரப்பு வேண்டும். நம்மூர்க் கணக்கில் 54 சென்ட்! தகட்டின் இருபுறமும் வீசினால் 27 சென்ட் தகடு போதும். ஆனால் வெயிலும் பூமியின் வெப்பமும் அதன்மேல் பட்டால் இன்னும் அதிகம் தேவை. இத்தனையையும் ராக்கெட்டில் ஏற்ற வேண்டும். அண்டக் கதிர்கள் தாக்கினால் நினைவகத்தில் 0 என்பது 1 ஆக மாறிவிடலாம். பழுது பார்க்க ஆளும் இல்லை.

எனினும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட்டின் போயம்-4 மேடையில், விண்ணிலேயே தரவுகளை ஆராயும் சோதனைக் கருவியை ஐதராபாத் நிறுவனமான டேக்மீடூஸ்பேஸ் அனுப்பியது. 2025 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்டார்கிளவுட் நிறுவனம் ஆற்றல்மிக்க கணிப்புச் சில்லு ஒன்றைச் செயற்கைக்கோளில் ஏற்றியது.

ஆக, இயற்பியல் விதி எதுவும் இதைத் தடுக்கவில்லை. எடையும் செலவுமே தடை. செயற்கைக்கோள் எடுக்கும் படங்களை அங்கேயே ஆராய்ந்து, முடிவை மட்டும் தரைக்கு அனுப்புவது போன்ற சிறு பணிகளுக்கு இம்முறை முதலில் உதவும்.

நீங்களே செய்து பாருங்கள்: தகட்டின் வெப்பநிலையை 57° செல்சியசாக உயர்த்தினால் ஒருபுறப் பரப்பு எவ்வளவு குறையும்? (விடை: 54 சென்ட் சுமார் 37 சென்டாகும்.)