யார் எரித்தார்கள் என்று எழுதுங்கள்

மடவளையில் இருந்து கவிதை எழுதும் தங்கச்சிக்கு,

கவிதைகள் கிடைத்தன. "அஹ்னாபுக்கு நடந்தது தெரியும்தானே, புத்தகம் எல்லாம் வேண்டாம்" என்று வாப்பா சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். வாப்பாவைக் கோபிக்காதீர்கள். அவர் காரணத்தோடுதான் பயப்படுகிறார்.

மன்னாரமுது அஹ்னாப் என்று எழுதிவந்த அஹ்னாப் ஜஸீமின் 'நவரசம்' 2017இல் வெளிவந்தது. தீவிரவாதத்தைப் பரப்பும் கவிதைகள் என்று சொல்லி, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைப் பிடித்தார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே நூலில்தான் இருந்தன. தமிழ் தெரிந்த யாரும் ஒரே இருப்பில் வாசித்து முடித்துவிடலாம். ஆனால் பொருள் சொல்லும் வேலை கவிதையோடு பழக்கமில்லாத கைகளுக்குப் போய்விட்டது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. போன மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே, பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நமக்கு மட்டும் வந்த கதி என்றும் நினைக்க வேண்டாம். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 'அர்த' என்ற சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் உள்ளே போனார். அதற்குக் கைகொடுத்தது 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள்) சட்டம். வெறுப்புப் பேச்சிலிருந்து நம்மைப் போன்றவர்களைக் காக்கும் என்று நம்பியிருந்த சட்டம் அது! அடுத்த மாதமே, கப்பல் சுக்கானின் படம் போட்ட சட்டை அணிந்த ஹசலக்கப் பெண் ஒருவரையும் அதே சட்டத்தில் பிடித்தார்கள். சுக்கான் அவர்கள் கண்ணுக்குத் தர்மசக்கரமாகத் தெரிந்ததாம்.

இனி, 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் தாக்கியதைப் பற்றிய உங்கள் கவிதைக்கு வருகிறேன். நான் எழுத நினைத்ததே அதைப் பற்றித்தான்.

'கடைகள் எரிந்தன' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதும்: தீக்கிரையாகின, சேதமடைந்தன, இனந்தெரியாதோர் கைவரிசை. கடை தன்பாட்டில் எரியாது. 'எரித்தார்கள்' என்று மாற்றிப் பாருங்கள். யார் என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. 'சிங்களவர்கள்' என்று போட்டுவிடலாம், வரியும் ஓசையோடு நிற்கும். ஆனால் அது பொய். பள்ளிவாசலைக் காக்க வந்து நின்ற பிக்குமாரும் உண்டு. கைதானவர்களில் மகாசோன் பலகாய என்ற சிங்களத் தீவிர அமைப்பின் தலைவர் இருந்தார். அந்த அமைப்புக்குப் பெயர் இருக்கிறது, அதை எழுதலாம். அவசரகாலச் சட்டம் மார்ச் 6இல்தான் வந்தது. அதற்குள் ஒரு இளைஞர் எரிந்த வீட்டுக்குள் இறந்து கிடந்தார்.

அதே கணக்கு நம் பக்கத்துக்கும் வேண்டும். இதெல்லாம் தொடங்குமுன் தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை அடித்தவர்கள் முஸ்லிம் இளைஞர்கள், அவர் அதில் இறந்தும் போனார். உங்கள் கவிதையில் அவருக்கு ஒரு வரி கூட இல்லை. 'ஒரு சம்பவத்தைத் தொடர்ந்து' என்று தொடங்கிவிடுகிறீர்கள். இது பொலிஸ் அறிக்கையின் நடை. கவிதையில் எப்படி நுழைந்தது?

எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை எடுத்து வாசியுங்கள். பின்னாளில் நம் பேராதனையில் பேராசிரியராக இருந்தவர். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததைப் பற்றிய கவிதை. கொன்றவர்கள் யாருடைய ஆட்கள் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. கொல்லப்பட்டவர் புத்தர். ஒரு சமூகத்தின் மீது பழி போடாமலும் குற்றவாளியைத் தப்பவிடாமலும் எழுதுவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

(இன்னொன்று. 'கலவரம்' என்கிற சொல்லை நான் விட்டுவிட்டேன். இரு பக்கமும் அடிபட்டுக்கொண்டது போல அது காட்டிவிடுகிறது. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராகக் கண்டி நகரில் தொடங்கிய வன்முறைக்கும் அதே பெயர்தான்.)

அந்த நாட்களில் வட்ஸ்அப்பில் என்ன ஓடியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் கிடந்ததை 'வந்த பெத்தி', மலட்டு மாத்திரை, என்றார்கள். முதலாளிக்குச் சிங்களம் சரியாக வராது. சூழ்ந்து நின்று கேட்டவர்களிடம் ஆம் என்று சொல்லிவிட்டார். அது வீடியோவாக ஊரூராகப் போயிற்று. வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னதைக் கேட்க அப்போது ஆளில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு நம்மவர்களும் சும்மா இருந்தார்களா? பிடிக்காதவனை 'வஹாபி' என்று காட்டிக்கொடுத்தவர்களையும் நாம் கண்டோம். அதைப் பற்றியும் ஒரு கவிதை எழுதுங்கள். ஊரில் திட்டுவார்கள், திட்டட்டும்.

புத்தகம் போடலாம். ஆனால் அச்சகத்துக்குக் கொடுக்குமுன் எல்லாக் கவிதைகளையும் சிங்களத்தில் பெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கவிதை தெரிந்த சிங்கள நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து, வரிவரியாகச் சண்டை பிடித்துச் செய்யுங்கள். மடவளையில் சிங்களம் பேசாதவர்கள் குறைவு, ஆனால் கடைப்பேச்சுச் சிங்களம் இதற்குப் போதாது. அவர் 'இது யாரைச் சொல்கிறது?' என்று கேட்கும் இடங்களைக் குறித்து வையுங்கள். தமிழிலேயே தெளிவில்லாத வரிகள் பெரும்பாலும் அவைதான்.

முன்னுரை கேட்டிருந்தீர்கள். திருத்திய பிரதியும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து வரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.