அடிவானம் அணைந்துபோனால்...

ஏற்காட்டுக்குப் போனதுண்டா நீங்கள்? சேலத்திலிருந்து புறப்படும் பேருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உங்களை இறக்கிவிடும். வானம் தெளிந்த மாலையில் 'லேடீஸ் சீட்' முனையில் நின்று பாருங்கள். கீழே சேலம் நகரம். தொலைவில் நிலமும் வானும் சேரும் கோடு. அதுதான் அடிவானம். அதே சாலையில் மூடுபனி அடைத்த ஒரு காலையில் இறங்கும்போது, பேருந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று சன்னலோரம் இருப்பவராலும் சட்டென்று சொல்ல முடியாது. பரவாயில்லை, சக்கரங்களுக்கு அடியில் தரை இருக்கிறது. இரவில் கடல்மேல் பறக்கும் விமானிக்கோ அடிவானமும் இல்லை, தரையும் இல்லை.

உடல் சாய்வதை உடலே உணராதா என்று கேட்பீர்கள். நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள திரவத்தின் அசைவைக்கொண்டே திரும்புவதை மூளை அறிகிறது. ஆனால் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் திரவமும் உடன் சுற்றத் தொடங்கிவிடும், உணர்வு மறைந்துவிடும். நண்பனைச் சுழல் நாற்காலியில் அமர்த்தி, கண்ணைக் கட்டி, ஒரு நிமிடம் சீராகச் சுற்றிப் பிறகு நிறுத்துங்கள். எதிர்த்திசையில் சுற்றுவதாகச் சாதிப்பான். (வேகமாகச் சுற்றாதீர்கள், வாந்திதான் மிஞ்சும்!)

இதனால்தான் விமானியின் முன் 'செயற்கை அடிவானம்' என்னும் கருவி இருக்கிறது. மேல் பாதி நீலம், கீழ்ப் பாதி பழுப்பு. சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது அல்லவா? அந்தத் தன்மையை வைத்து ஜைராஸ்கோப்பு விமானத்தின் சாய்வைக் காட்டும். பெரிய விமானங்களில் இதற்கு மின்சாரம் வேண்டும்.

இக்கருவி ஒன்று பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதை நம் நாடு பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 புறப்பட்டது. கடலுக்கு மேல் வந்ததும் வலப்பக்கம் சற்றே திரும்பி, பிறகு நேரானது. ஆனால் தலைமை விமானியின் கருவி இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அவர் அதை நம்பி இடப்பக்கம் திருப்பினார். விமானம் 90 பாகைக்கும் மேல் கவிழ்ந்து அரபிக் கடலில் விழுந்தது. புறப்பட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 213 பேரும் மாண்டனர். விமான அறையில் அத்தகைய கருவிகள் மூன்று இருந்தன. மற்றக் கருவிகளைக்கொண்டு நிலைமையை மீட்கவில்லை என்பதே விசாரணையின் முடிவு. அவரைக் குறை சொல்வது எளிது. கரிய இரவில், சில நொடிகளில், மூன்றில் எது பொய் என்று தேர்வது எளிதன்று.

அது ஒரு கருவியின் கோளாறு. மின்சாரமே போய்விட்டால் பல கருவிகள் ஒன்றாக அணைந்துவிடும். அப்படி ஆகாமலிருக்க என்ன ஏற்பாடு? ஒவ்வோர் எஞ்சினும் ஒரு மின்னாக்கியையாவது சுழற்றுகிறது. பெரிய ஜெட் விமானங்களில் பொதுவாக 115 வோல்ட்டு, 400 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் பயன்படுகிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே, இங்கு ஏன் 400? அதிர்வெண் கூடினால் மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் சிறிதாக இருந்தாலே போதும், எடை குறையும். ஒரு மின்னாக்கி நின்றால் மற்றது அதன் சுமையை ஏற்கும். அனைத்தும் நின்றால் மின்கல அடுக்கு இன்றியமையாத சில கருவிகளுக்கு மட்டும் ஏறத்தாழ அரைமணி நேரம் உயிர் கொடுக்கும். மாற்று அடிவானம் அவற்றுள் முதன்மையானது. பல விமானங்களில் இன்னொன்றும் உண்டு: வயிற்றுப் பகுதியிலிருந்தோ இறக்கையின் அடியிலிருந்தோ சிறு காற்றாடி வெளியே வரும், எதிர்க்காற்றே அதைச் சுழற்றும். நம் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் குட்டித் தம்பி எனலாம்.

விளக்குகள் அணைந்ததும் விமானிகள் முதலில் பழுது பார்க்கத் தொடங்குவதில்லை. ஒருவர் பறத்தலை மட்டுமே கவனிப்பார். மாற்று அடிவானம், வேகம், உயரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவார். மற்றவர் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து வரிவரியாக வாசித்துச் செய்வார். சமையல் அடுப்பு போன்ற பெரிய சுமைகள் துண்டிக்கப்படும். நின்ற மின்னாக்கியை மீட்கப் பட்டியல் சொன்ன அளவே முயல்வார்கள். மீண்டும் மீண்டும் முயன்றால் பழுதான இடத்தில் தீப்பிடிக்கலாம். பிறகு அருகிலுள்ள விமான நிலையத்தை நாடுவார்கள்.

2008 ஜனவரி 7 அன்று லண்டனிலிருந்து பாங்காக் சென்ற குவாண்டாஸ் 747-இல் இது உண்மையாகவே நடந்தது. சமையலறையின் வடிகுழாய் பனிக்கட்டியால் அடைபட்டது. வழிந்த நீர் தரைக்குக் கீழேயிருந்த மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இறங்கியது. நான்கு முதன்மை மின்தடங்களில் மூன்று செயலிழந்தன. நல்லவேளை, அப்போது விமானம் பாங்காக்கை நெருங்கி இறங்கிக்கொண்டிருந்தது. வானமும் தெளிவாக இருந்தது. மின்கல அடுக்கின் துணையோடு எஞ்சிய கருவிகளை வைத்துத் தரையிறக்கினார்கள். 365 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. நடுக்கடலில், கரையிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் அதே நீர் வழிந்திருந்தால்? விசாரித்தவர்கள் வடிகுழாயை வெப்பப்படுத்தும் பட்டையைச் சோதித்தார்கள். அது வேலை செய்யவில்லை. பெட்டிகளுக்கு மேலிருந்த நீர்த்தடுப்புத் தகட்டிலும் விரிசல்கள் இருந்தன.